வெற்றிலை லாரியின் புகைக்குழாய்

என் மனைவி விக்டோரியா எங்கள் லாரிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டாமல், "டிராக்டர்!" என்று கூவினாள்.

நான் வாசலில் அமர்ந்து திங்கட்கிழமைக்கான பாடக்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். பேனா வழுக்கி, வெப்பக் கடத்தல் என்ற தலைப்பின் மேல் ஒரு கோடு விழுந்துவிட்டது.

"எந்த டிராக்டர்?" என்று பணிவாகவே கேட்டேன்.

"எல்லா டிராக்டருந்தாங்க. வயல்ல உழுகும்போது பாத்திருக்கீங்கள்ல? புகை எங்கிட்டுப் போகுது?"

"மேலே."

"அப்ப நம்ம லாரிக்கு மட்டும் ஏன் வயித்துக்கு அடியில போகணும்?"

இந்தக் கேள்வியின் பெருமை எனக்கு உடனே விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாசகர்களுக்கும் விளங்கும்படி, எங்கள் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிட அனுமதி வேண்டுகிறேன்.

அப்போது நாங்கள் விளாங்குடியில் குடியிருந்தோம். எண்பத்து நான்காம் ஆண்டு, ஜூன் மாதம். நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியன். விக்டோரியாவுக்கு அவள் தந்தையார் தனிஸ்லாஸ் அவர்கள் விட்டுச் சென்றது ஒரே ஒரு லாரி. மூக்கு நீண்ட, கதவு சாத்தினால் கண்ணாடி இறங்கிவிடுகிற, பழைய டீசல் லாரி. வாரம் தவறாமல் சோழவந்தான் கொடிக்கால்களிலிருந்து வெற்றிலையை ஏற்றி, மதுரையில் யானைக்கல் அருகே இருந்த மண்டிக்குக் கொண்டுவருவதே அதன் பிழைப்பு. அவள் வரவு செலவைப் பார்ப்பாள், டயரைப் பார்ப்பாள், ஓட்டுநர் சுருளியை அதட்டுவாள். நான் ஓரமாக நின்று வியப்பேன்.

வெற்றிலை ஒரு தொட்டாற்சிணுங்கிச் சரக்கு. வெயில் பட்டால் வதங்கும். காற்றுப் பட்டால் உலரும். புகை பட்டாலோ அதை அப்படியே உடம்பில் வாங்கி வைத்துக்கொள்ளும். எங்கள் லாரியின் புகைக்குழாய் பின் சக்கரத்துக்கு முன்பாக, பலகைக்குக் கீழே முடிந்தது. பலகைகளின் இடுக்கு வழியே புகை ஏறிக் கூடைகளுக்குள் புகுந்தது. குழாயை நீட்டி வால் பக்கம் விட்டுப் பார்த்தோம். ஓடுகிற லாரியின் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று உள்ளே திரும்பும் அல்லவா? அந்தச் சுழல் புகை முழுவதையும் வாரிக் கூடைகளின் மேலேயே போட்டது. முன்பைவிட மோசமாயிற்று.

கொடிக்கால்காரர்களின் தலைவர் சோணை நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "விட்டோரியா, ஒங்க அப்பாரு மொகத்துக்காக ரெண்டு தடவை பொறுத்துட்டோம். மதுரையில கல்யாண வீட்டுல வெத்தலயப் போட்ட சம்பந்தி, 'என்னய்யா, பஸ் ஸ்டாண்டையே தின்ன மாதிரி இருக்கு'ன்னு துப்பிட்டாராம். வார சனிக்கிழமை வாய்ச் சோதனை. அதுல தேறுனா லோடு ஒனக்கு. இல்லாட்டி கருத்தக்கண்ணனோட புது லாரிக்கு."

வாய்ச் சோதனை என்பது அந்த மண்டியின் நெடுநாள் வழக்கம். லாரி வந்து நின்றதும், புகைக்குழாய்க்கு மிக அருகில் இருக்கிற கூடையிலிருந்து ஒரு கவுளியை, அதாவது எண்ணிக் கட்டிய ஒரு வெற்றிலைக் கட்டை, உருவி எடுப்பார்கள். சுண்ணாம்பும் பாக்கும் இல்லாமல் வெறும் இலையை மென்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அதன்மேல் பேச்சே கிடையாது.

தோற்றால் எங்கள் லாரிக்கு வேறு சரக்கு கிடைக்காது, அத்தனை பழையது. பழைய இரும்பு வியாபாரி ஏற்கெனவே ஒருமுறை வந்து, லாரியின் மூக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். அவன் தட்டிய சத்தம் கேட்ட நாள் முதல் விக்டோரியா சரியாகச் சாப்பிடவில்லை. தன் தந்தையின் முதுகையே எவனோ தட்டியதுபோல அவள் எண்ணினாள்.

ஆகவே "டிராக்டர்!" என்று அவள் கூவியதும், விவரம் புரிந்த மறுகணமே நானும் பாடக்குறிப்பை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

*

வெல்டர் மொக்கைச்சாமியின் பட்டறை ஆரப்பாளையத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. விக்டோரியா குச்சியால் தரையில் வரைந்து காட்டினாள்: இஞ்சினிலிருந்து புறப்படும் குழாய், சைலன்சரைத் தாண்டியதும் இடதுபக்கம் திரும்பி, கேபினுக்கும் சரக்குப் பெட்டிக்கும் நடுவே நேராக மேலே ஏறி, கூடைகளின் உச்சியையும் தாண்டி வானத்தைப் பார்த்து முடியவேண்டும்.

மொக்கைச்சாமி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஏம்மா, இது லாரியா, செங்கச் சூளையா?"

"சூளைன்னே வச்சுக்கங்கண்ணே. புகை மேல போனாச் சரி."

"மழை பேஞ்சா தண்ணி நேரா இஞ்சினுக்குள்ள எறங்குமே?"

"ஒரு மூடி போடுங்க. புகை வந்தாத் தெறக்கணும், நின்னா மூடிக்கணும்."

"ஒங்க வீட்டுக்காரரு வாய் மாதிரி இல்லாம, அடிக்கடி தெறக்குற மூடியா வேணுங்கிறீக" என்றார் மொக்கைச்சாமி. சுருளி வாய்விட்டுச் சிரித்தார். நானும் மரியாதைக்காகச் சிரித்தேன்.

"அந்த சைலன்சரைக் கழட்டிப் போட்டுரவா?" என்று மொக்கைச்சாமியே தொடர்ந்தார். "குழாய் மட்டும் இருந்தா வண்டி சிங்கம் மாதிரி உறுமும். டிரைவருக எல்லாம் இப்ப அப்பிடித்தான் கேக்குறாய்ங்க."

சுருளியின் கண்கள் மின்னின. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க, வழியில ஆஸ்பத்திரி இருக்கு, பள்ளிக்கூடமும் இருக்கு" என்றேன். விக்டோரியா, "சைலன்சர் இருக்கட்டும்" என்று முடித்துவிட்டாள். சுருளியின் கண்கள் மங்கின.

பழைய பேருந்து ஒன்றிலிருந்து கழற்றிய குழாய் கிடைத்தது. வளைத்து, வெட்டி, பற்றவைத்து, மாலைக்குள் நிறுத்திவிட்டார் மொக்கைச்சாமி. பால்மாவு டப்பாவின் மூடி ஒன்றைக் கீல் வைத்து உச்சியில் பொருத்தினார். குழாய் கம்பீரமாக நின்றது. பட்டறைக்கு எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் கண்ணாடி டம்ளர்களோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

சுருளி ஸ்டார்ட் செய்தார். இஞ்சின் தன் வழக்கப்படி ஒருமுறை உடம்பை உலுக்கியது. அவ்வளவுதான்: படார்! குழாய் வளைவில் இரண்டாகப் பிளந்தது. வெடிக்கட்டு வெடித்ததுபோல் சத்தம் தொடர்ந்தது. கரும்புகை ஒரு குவியலாக வந்து என் வெள்ளைச் சட்டையின் மீது அமர்ந்தது.

டீக்கடைக் கூட்டம் ஆரவாரித்தது. "வாத்தியார் இப்பத்தான் லாரிக்காரர் ஆனாரு!" என்று ஒருவர் சொன்னார்.

விக்டோரியா சிரிக்கவில்லை. அவள் பிளந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமைக்கு இடையில் அதிக நாள் இல்லை. நான் அவளுக்காகத்தான் பேசினேன். இல்லாவிட்டால் அத்தனை பேர் நடுவில் எனக்கு வாய் வந்திராது.

"மன்னிக்கணும். இஞ்சின் ஒரு மாதிரி ஆடுது, கேபின் வேற மாதிரி ஆடுது. ரெண்டையும் ஒரே குழாயால இறுக்கிக் கட்டினா, குழாய்தானே உடையும்?"

மொக்கைச்சாமி புருவத்தைத் தூக்கினார். "புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல மாட்டுன மாமியா மாதிரிங்கிறீக."

"கொஞ்சம் இளக்கம் விட்டா..."

"இருக்கு சார், இருக்கு! பஸ்ஸுல போடுற வளையுற குழாய் ஒரு முழம் கெடக்கு." அவர் உள்ளே ஓடினார். வளைவுக்கு முன்பாக அந்த நெளிகுழாய் சேர்ந்தது. மேலே குழாயைப் பிடிக்கும் கிளாம்புகளுக்குள் டயர் ரப்பர் துண்டுகள் வைக்கப்பட்டன. குழாயின் சூடு கூடைகளைத் தாக்காமல் இருக்க, நான் திங்கட்கிழமை நடத்தவேண்டிய பாடத்தையே அங்கே நடத்தினேன்: இரண்டு தகரங்களுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டால், அந்த இடைவெளியின் காற்றே சூட்டைத் தடுத்துவிடும். மொக்கைச்சாமி தகரங்களைப் பெட்டியின் முன்சுவர் முழுக்க அடித்தார். விக்டோரியா ஒவ்வொரு ஆணியையும் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டாம் முறை சுருளி ஸ்டார்ட் செய்தபோது என்னையும் அறியாமல் என் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டேன். இஞ்சின் உலுக்கியது. நெளிகுழாய் நெளிந்துகொடுத்தது. எங்கோ உயரத்தில் மூடி திறந்து, டக் டக் டக் டக் என்று தாளம் போட ஆரம்பித்தது. புகை ஒரு கொத்தாக எழும்பி, மின்கம்பியையும் வேப்பமரத்தையும் தாண்டி, ஆகாயத்தில் போய்க் கலைந்தது.

"போகுது! போகுது!" என்று விக்டோரியா குதித்தாள். டீக்கடைக்காரர் எல்லாருக்கும் டீ என்றார். மொக்கைச்சாமி தம் சூளையை அண்ணாந்து பார்த்து, "இன்னும் ரெண்டு அடி வச்சிருக்கலாமோ?" என்றார்.

*

சனிக்கிழமை விடிந்ததும் சோழவந்தானில் இருந்தோம். முந்திய நாள் மாலையில் கிள்ளிய இலைகளைக் கவுளி கவுளியாகக் கட்டி, வாழைச் சருகு சுற்றி, நீர் தெளித்துக் கூடைகளில் அடுக்கியிருந்தார்கள். தகரத்தை ஒட்டினாற்போல் கூடைகள் கீழிருந்து மேல்வரை ஏறின. பச்சை வாசனை மூக்கைத் தொட்டது.

சோணை லாரியைச் சுற்றி வந்தார். கன்னத்தில் புகையிலை ஒரு நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. "என்னாத்தா இது, தலைக்கு மேல கொம்பு மொளச்சிருக்கு?"

"கொம்பில்ல மாமா, குழாய். மதுரைக்கு வந்து பாருங்க."

"வாரேன். நானும் கூடயே வாரேன். பெறகு நீங்க வழியில கூடையை மாத்துனீங்கன்னு அந்தக் கருத்தக்கண்ணன் சொல்லக் கூடாதுல்ல."

கேபினில் நால்வரும் நெருக்கி உட்கார்ந்தோம். லாரி புறப்பட்டது. அன்றைய பயணம்போல் ஒரு பயணம் எனக்கு வாய்த்ததில்லை என்று அடக்கத்துடன் தெரிவிக்கிறேன். கால்வாய் ஓரம் எருமைகள் தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தன. சமயநல்லூரில் பேருந்துக்குக் காத்திருந்த பெண்கள் கையைக் காட்டிச் சிரித்தார்கள். எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி, தலையை வெளியே நீட்டி, "அண்ணே, கப்பலு எந்தக் கரைக்குப் போகுது?" என்று கேட்டார். சுருளி ஆரன் அடித்தே பதில் சொன்னார். மேலே மூடி ஓயாமல் தாளமிட, விக்டோரியா முழங்காலில் விரலால் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

பரவையில் சாலையோரத்துக் கருப்பசாமி மேடை அருகே சுருளி லாரியை நிறுத்தினார். சுருளி என் மாமனார் காலத்து ஓட்டுநர். எங்கள் வேதம் வேறு, அவருடைய சாமி வேறு. ஆயினும் எங்கள் லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே மாதா படமும் கருப்பசாமி படமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. இருவருக்கும் ஒரே ஊதுவத்தி.

"சுருளியண்ணே, வெயில் ஏறுது!" என்றாள் விக்டோரியா.

"ஒரு நிமிசம் தாயி. சூடம் காட்டிட்டு வந்துர்றேன்."

அவர் சூடம் காட்டினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு பூக்காரியிடம் எதையோ வாங்கிக்கொண்டு கேபினுக்குப் பின்னால் ஏறுவது தெரிந்தது. லாரி லேசாகக் குலுங்கியது.

"அங்க என்னண்ணே பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி. புதுசா வந்தவருக்கு ஒரு மரியாதை!"

அவர் குதித்து இறங்கினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு லாரி கிளம்பியது. அந்த மரியாதை என்னவென்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

*

யானைக்கல் மண்டியில் எங்களுக்காகவே கூட்டம் கூடியிருந்தது. மண்டி முதலாளி மீரா ராவுத்தர் வெள்ளைத் தொப்பியோடு வாசலில் நின்றார். அவர் அருகே, நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில், கருத்தக்கண்ணன். அவருடைய புது லாரி எதிர்ப்புறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

"வாங்க விக்டோரியா. லாரிக்கு ஆன்டெனா வச்சிருக்கீங்கபோல. டிவி தெரியுதா?" என்றார் கருத்தக்கண்ணன்.

"ஒங்க மூஞ்சிதான் தெரியுதுண்ணே. அதான் ஆஃப் பண்ணிட்டேன்" என்றாள் விக்டோரியா. சுமை தூக்குகிறவர்கள் ஓவென்று சிரித்தார்கள்.

மீரா ராவுத்தர் குழாயிலிருந்து கூடைவரை தம் கையால் சாண் போட்டு அளந்தார். உச்சியில், தகரத்தை ஒட்டி இருந்த கூடையைக் காட்டினார். ஒருவர் ஏறிக் கவுளி ஒன்றை உருவி வந்து அவர் கையில் கொடுத்தார். ராவுத்தர் அதை அப்படியே சோணையிடம் நீட்டினார்.

"மாப்ள, நீங்க மெல்லுங்க. நான் நோன்பு."

ரமலான் மாதம் என்பதை அந்தப் பரபரப்பில் யாரும் நினைக்கவில்லை. கருத்தக்கண்ணன் முன்னால் வந்துவிட்டார்.

"ராவுத்தரே, இது நாயமா? சோணையண்ணன் வாயில காலையிலருந்து புகையிலை ஊறுது. டீசலையே ஊத்துனாலும் அவருக்குத் தெரியாது!"

"எலே, என் நாக்கைப் பத்திப் பேசுறியா?" என்று சோணை சீறினார். சீறியபோது கன்னத்துப் புகையிலை இடம் மாறியது எல்லாருக்கும் தெரிந்தது. அவரே அடங்கிவிட்டார்.

"அப்ப வேற ஆளு. இங்க வெத்தல போடாதவன் யாரு?" என்று கேட்டார் ராவுத்தர்.

மண்டியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லாப் பற்களும் சிவப்பு. மெல்ல மெல்ல அத்தனை கண்களும் ஒரே பக்கம் திரும்பின. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே சுவர்தான் இருந்தது.

"வாத்தியார் தம்பி, பல்லைக் காட்டுங்க" என்றார் ராவுத்தர்.

"மன்னிச்சுக்கங்க, நான் இவங்க வீட்டுக்காரர். நான் சொல்றது பொருத்தமா இருக்காது..."

"பரவால்ல!" என்றார் கருத்தக்கண்ணன். எனக்கே வியப்பாக இருந்தது. "வாத்தியாரு சொல்லட்டும். என் மகன் இவருகிட்டத்தான் படிக்கிறான். இவரு பொய் சொன்னா ரெண்டு காதும் செவந்துருமாம். போன வருசம் இன்ஸ்பெக்டர்கிட்ட 'எல்லாப் பசங்களும் வந்திருக்காங்க'ன்னு சொன்னப்ப, செம்பருத்திப்பூ மாதிரி ஆயிருச்சாம். பள்ளிக்கூடத்துக்கே தெரியும்."

கூட்டம் என் காதுகளைப் பார்க்க வசதியாக நெருங்கி வந்தது. நான் இலையை வாங்கினேன். விக்டோரியா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கெஞ்சல் இல்லை. உள்ளதைச் சொல்லுங்கள், ஆனால் உள்ளது நல்லதாக இருக்கட்டும் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

காம்பைக் கிள்ளிவிட்டு வாயில் வைத்து மென்றேன். முதலில் காரம். கண்ணில் நீர் வந்தது. அதன் பின்னால், நாக்கின் அடியிலிருந்து மூக்குக்கு ஏறிக்கொண்டு, வேறொன்று வந்தது. சந்தேகமே இல்லை. கருகல்.

அந்த வளைவு, அந்த நெளிகுழாய், அந்த இரட்டைத் தகரம்! எல்லாம் சரியாக இருந்தும் எப்படி? பொய் சொல்ல என்னால் முடியாது. காதுகளுக்குப் பயந்து அல்ல, அவள் முன்னால் முடியாது.

"மன்னிக்கணும்," என்றேன். "ஏதோ கருகின வாசம் இருக்கு."

கருத்தக்கண்ணன் கைதட்டினார். "சொன்னேன்ல! கொம்பு வச்சா மாடு பால் கறக்குமா?" அவருடைய ஆட்கள் ஆரவாரித்தார்கள். சோணை தரையில் துப்பினார். விக்டோரியா லாரியின் மூக்கின்மேல் கையை வைத்தாள். இரும்பு வியாபாரி தட்டிப் பார்த்த அதே இடம்.

ஆனால் நான் இன்னும் மென்றுகொண்டிருந்தேன். கருகல் உண்மை, டீசல் இல்லை. டீசல் புகை எனக்கு நன்றாகத் தெரியும். சட்டையில் பூசிக்கொண்டவன் நான். இது இனிப்பாக இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தலில் தீப்பிடித்ததுபோல் ஒரு வாசம்.

"தயவுசெய்து கேளுங்க," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "ஐயா, ஒரு நிமிஷம், தயவுசெய்து..." கருத்தக்கண்ணன் தம் லாரியின் பின்கதவைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ராவுத்தர் திரும்பி உள்ளே போகத் தொடங்கினார். விக்டோரியாவின் கை இன்னும் லாரியின் மூக்கிலேயே இருந்தது.

அப்போது என் உடம்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்னுடையது என்று நம்ப எனக்கே சில விநாடிகள் ஆயின.

"வாயை மூடுங்கய்யா எல்லாரும்!"

மண்டி அப்படியே நின்றது. தராசுத் தட்டின் ஆட்டம்கூட நின்றது. கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன.

"தயவுசெய்து," என்று சேர்த்துக்கொண்டேன். "கருகல் உண்டு. ஆனா புகை இல்ல. இது பூ. மல்லிகைப்பூ கருகின வாசம்."

"பூவா?" என்றார் ராவுத்தர்.

விக்டோரியா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "சுருளியண்ணே."

சுருளி தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுருளியண்ணே, பரவையில புதுசா வந்தவருக்கு என்ன மரியாதை செஞ்சீங்க?"

"ஒரு மாலை தாயி. நல்ல மாலை. நெருக்கமாக் கட்டுன மதுரை மல்லி. குழாய்க்கு... கழுத்துல."

விக்டோரியா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து, கேபினுக்குப் பின்னால் ஏறினாள். உச்சியிலிருந்து ஒரு கறுத்த வாழைநாரைத் தூக்கிக் காட்டினாள். அதில் இரண்டு மூன்று பூக்கள் வறுத்த கடலைபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. மேல் கூடையின் சருகின்மீதும் கருகிய இதழ்கள் சிதறிக் கிடந்தன. ராவுத்தர் நாரை வாங்கி முகர்ந்தார்.

"மெல்லக் கூடாது, முகரலாம்," என்றார். பிறகு அவருடைய தாடி ஆட ஆரம்பித்தது. சிரிப்புத்தான். "அடப்பாவி சுருளி! சைலன்சருக்கு மாலை போட்ட மனுசனை இன்னிக்குத்தான்யா பாக்குறேன்."

"புது டயர் போட்டா பூ வைக்கிறோம், புது ஸ்டியரிங் மாத்துனா பூ வைக்கிறோம். குழாய் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு முதலாளி?"

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் கருத்தக்கண்ணன். "கருகல் கருகல்தான். பக்கத்துக் கூடையில வாசம் வந்தா தோல்வி. அதானே வழக்கம்?"

ராவுத்தர் சிரிப்பை நிறுத்தினார். வழக்கம் அதுதான். என் வாயில் காரம் ஆறிக்கொண்டிருந்தது.

மேலே நின்றிருந்த விக்டோரியாதான் கேட்டாள். "ராவுத்தர் மாமா, அளந்தீங்கள்ல, எத்தனை சாண்?"

"ஒண்ணரை."

"குழாய் நெட்டுக்குத்தா நிக்கிது. மேல் கூடைக்கும் ஒண்ணரைச் சாண், கீழ்க் கூடைக்கும் ஒண்ணரைச் சாண். பக்கத்துக் கூடை ஒண்ணு இல்ல, அஞ்சு இருக்கு. மாலை கெடந்தது உச்சியில. அடிக் கூடைதான் குழாய் ரொம்பச் சூடா இருக்குற எடம். அதை மென்னு பாருங்க. அதுல ஒரு துளி வாசம் வந்தாலும் சாவியை நானே கருத்தக்கண்ணண்ணன் கையில குடுத்துர்றேன்."

ராவுத்தர் குனிந்து அடிக் கூடைக்கும் சாண் போட்டார். ஒன்றரை. நிமிர்ந்து கருத்தக்கண்ணனைப் பார்த்தார்.

"என்னப்பா?"

"மெல்லட்டும்," என்றார் கருத்தக்கண்ணன். குரலில் முன்பிருந்த இஸ்திரி இல்லை. "ஆனா காதைப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

அடிக் கூடையை இழுத்தெடுக்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் யாரோ எனக்கு வாய் கொப்பளிக்கச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். கவுளி வந்தது. இலை குளிர்ந்திருந்தது, தெளித்த நீர் இன்னும் அதில் நின்றது. சூடு அந்த நான்கு விரல் காற்றைத் தாண்டவில்லை!

மென்றேன். காரம். பச்சை. ஆற்றங்கரை மண்போல் ஒரு சிறு குளிர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். முதல் இலையில் கருகல் எங்கிருந்து ஏறியதோ அந்த இடத்திலெல்லாம் தேடினேன். ஒன்றும் ஏறவில்லை. இன்னொரு இலையையும் வாயில் போட்டு மென்றேன். கண்ணைத் திறந்தபோது கருத்தக்கண்ணனின் முகம் என் இடது காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"காரமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

கருத்தக்கண்ணன் வலது காதுப் பக்கம் சுற்றி வந்தார். அதையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"வெளுப்பாத்தான் இருக்கு," என்றார்.

சோணை என் தோளில் அடித்த அடியில் மூன்றாவது இலையை விழுங்கிவிட்டேன். "லோடு விட்டோரியாவுக்கு!" என்று அவர் கத்தினார். சுமை தூக்குகிறவர்கள் துண்டை வீசினார்கள். ராவுத்தர் கருகிய நாரைச் சுருளியிடம் திருப்பிக் கொடுத்து, "இனிமே மரியாதை எல்லாம் பம்பருக்கு. புரிஞ்சுதா?" என்றார்.

"புரிஞ்சுது முதலாளி."

"மேல் கூடையை நான் எடுத்துக்கிறேன். வீட்டுல நோன்பு தெறந்த பெறகு போட்டுப் பாக்கணும். மல்லிகை வாசத்துல வெத்தல யாரு கண்டா?"

கூடைகள் இறங்கின. விக்டோரியா கீழே குதித்து, தன் தந்தையின் லாரியின் மூக்கை முந்தானையால் துடைத்தாள். இரும்பு வியாபாரியின் கை பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

புறப்படும்போது கருத்தக்கண்ணன் என் கதவருகே வந்தார். தயங்கினார். "வாத்தியாரே, அந்த வெல்டர் பட்டறை எங்கிட்டு இருக்கு? நம்ம வண்டிக்கும் ஒரு கொம்பு வச்சா..."

"ஆரப்பாளையம் போற வழியில, இடதுபக்கம். தயவுசெஞ்சு சைலன்சரைக் கழட்டிராதீங்க" என்றேன்.

சுருளி ஸ்டார்ட் செய்தார். மூடி திறந்து தாளம் போட்டது. புகை மண்டியின் கூரையைத் தாண்டி வைகைப் பக்கம் போயிற்று. பாலத்தில் ஏறியதும் விக்டோரியா என்னை நோக்கித் திரும்பினாள். அவள் முகம் முழுவதும் சிரிப்பாக இருந்தது.

"என்னங்க, 'வாயை மூடுங்கய்யா'ன்னு ஒண்ணு சொன்னீங்களே. அதை இன்னொரு தடவை சொல்லுங்க, கேப்போம்."

முயன்று பார்த்தேன். தொண்டையிலிருந்து காற்று மட்டுமே வந்தது.

"மன்னிச்சுக்கம்மா," என்றேன். "இப்ப வரமாட்டேங்குது."

சுருளி எனக்காக ஆரனை நீளமாக அடித்தார்.